கார்ட்டூனும் நம் கௌரவமும்

கார்ட்டூன் படம் பார்த்ததை ஒப்புக்கொள்ள நம் எழுத்தாளனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. பேரன் பார்த்துக்கொண்டிருந்தான், சும்மா கூட உட்கார்ந்தேன் என்பான். ஜுரத்தில் படுத்திருந்தேன், புத்தகம் எடுக்க மனசு வரவில்லை என்பான். பெர்க்மன் படம் பார்த்ததற்கு யாரும் சாக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே மறைக்கப்படுவது, பார்க்கும்போது தூங்கிவிட்ட சங்கதி மட்டும்தான். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது ரசனை அல்ல, கௌரவம். கௌரவத்தையே ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டத்துக்குள்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளப் போகிறவர்கள் யார் யார் என்பதும் ஏறக்குறையத் தெரியும்.

சாக்குச் சொல்பவர்களையாவது மன்னித்துவிடலாம். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். கார்ட்டூனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. இவர்களுக்கு டாமும் ஜெர்ரியும் வர்க்கப் போராட்டம். பாறை உச்சியிலிருந்து திரும்பத் திரும்ப விழும் கயோட்டி, காம்யு எழுதிய சிஸிஃபஸ். மேலோட்டமாகப் பார்த்தால் குழந்தைகளுக்கு வேடிக்கை, ஆழ்ந்து பார்த்தால் பெரியவர்களுக்குத் தத்துவம், ஆகவே எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். டிபன் காரியரில் மேல் தட்டில் சர்க்கரைப் பொங்கல், கீழ்த் தட்டில் பத்தியச் சோறு. குழந்தை மேல் தட்டைக் காலி செய்த பிறகு நாம் கௌரவமாகக் கீழ்த் தட்டைத் திறந்துகொள்ளலாம்.

கார்ட்டூனை உதறித் தள்ளுகிறவரும் இப்படித் தாங்கிப் பிடிக்கிறவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் போலத் தோன்றலாம். இருவரும் ஒரே கட்சிதான். கருத்து இருந்தால்தான் கலை என்பது இருவருக்கும் பொதுவான வேதவாக்கு. முன்னவர் கருத்து இல்லை என்று தள்ளுகிறார், பின்னவர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். கண்முன்னால் ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கார்ட்டூன் எல்லா வயதினரையும் பிடித்து வைத்திருப்பது அதன் அடியில் புதைத்து வைத்திருக்கும் எதனாலும் அல்ல. மேலே தெரிவதால்தான். வரையப்பட்ட ஒரு உருவத்துக்குக் கனம் வருகிறது, அது தயங்குகிறது, காத்திருக்கிறது, விழுகிறது. இந்தத் தயக்கத்தின் நீளத்தை ஒருவன் கையால் அளந்து வைத்திருக்கிறான். அந்த அளவு சரியாக இருந்தால் ஐந்து வயதும் எழுபது வயதும் ஒரே கணத்தில் சிரிக்கின்றன. சரியாக இல்லாவிட்டால், எந்தத் தத்துவத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாலும், இருவரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் ஒரு சரித்திரப் பிழையை அகற்றியாக வேண்டும். கார்ட்டூன் குழந்தைகளுக்காகப் பிறந்தது, பிறகு பெரியவர்களும் எட்டிப் பார்த்தார்கள் என்பது பொது எண்ணம். நடந்தது நேர் தலைகீழ். 1908இல் பாரிஸில் எமில் கோல் சுமார் 700 சித்திரங்களை வரைந்து, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவான 'ஃபாண்டாஸ்மகோரி'யைச் செய்தபோது குழந்தைகள் அவர் மனத்தில் இருந்ததற்குத் தடயமே இல்லை. கதை கிடையாது. ஒரு உருவம் இன்னொன்றாக உருகி மாறிக்கொண்டே போகிறது. 1914இல் அமெரிக்காவில் வின்ஸர் மக்கே என்ற பத்திரிகைச் சித்திரக்காரர் 'கெர்ட்டி' என்ற டைனோசரை வரைந்து அசைய வைத்தார். அதை அவர் கொண்டுபோன இடம், பாட்டும் வித்தையும் நடக்கும் வாட்வில் மேடை. திரைக்கு முன்னால் சாட்டையோடு நின்று கட்டளை போடுவார். திரையில் உள்ள மிருகம் கீழ்ப்படியும், சில சமயம் முரண்டு பிடிக்கும், கடிந்துகொண்டால் அழும். காசு கொடுத்து உட்கார்ந்திருந்த வளர்ந்த மனிதர்கள் தங்கள் முன்னால் ஒரு காகிதம் அழுவதைப் பார்த்தார்கள்.

பிறகு வந்த 30, 40 வருஷங்களில் அமெரிக்கத் தியேட்டரில் செய்திப்படம், கார்ட்டூன், பெரிய படம் என்று ஒரே டிக்கெட்டில் எல்லாம் ஓடின. பார்த்தவர்கள் எல்லோரும்தான். ஃப்ளைஷர் சகோதரர்களின் பெட்டி பூப், 1934இல் தணிக்கை விதிகள் இறுகிய பிறகு, பாவாடையை நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான உருவம் என்றால் முதலில் அந்தப் பாவாடை ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தது? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943லிருந்து, அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கென்றே 'பிரைவேட் ஸ்னாஃபு' என்ற கார்ட்டூன் வரிசையை எடுக்க வைத்தது. துப்பாக்கி பிடித்த கைகளுக்குப் புத்தி சொல்ல அதைவிட நல்ல வழி தளபதிகளுக்குத் தெரியவில்லை.

கார்ட்டூனைக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கியது அதன் சுபாவம் அல்ல, கணக்குப் பிள்ளை. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்டூடியோக்கள் தியேட்டர்களின் தலையில் படங்களை மொத்தமாகக் கட்டும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. ஏழு நிமிஷப் படத்துக்கு இருந்த உத்தரவாதமான வருமானம் போயிற்று. டெலிவிஷன் வந்தது. டாம் அண்ட் ஜெர்ரி செய்துவந்த எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவு 1957இல் மூடப்பட்டது, வார்னர் பிரிவு 1963இல். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் டெலிவிஷனுக்குப் போனார்கள். பணம் அங்கே சொற்பம், சித்திரங்களும் சொற்பமாயின. அவர்களுடைய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பதற்குக் காரணம் நாகரிகம் அல்ல. உடம்பை ஒரே சித்திரமாக நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டலாம், ஒட்டு தெரியாது. இதைப் பெரியவர்களுக்கும் காட்டிப் பார்த்தார்கள். 1960இல் 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' இரவு நேரத்தில்தான் வந்தது. அறுபதுகளின் நடுவில் சனிக்கிழமைக் காலை என்ற நேரம் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோர் தூங்குவார்கள், பிள்ளைகள் விழித்திருப்பார்கள், தானியப் பொரி விற்பவன் விளம்பரம் தருவான். அதோடு கார்ட்டூனின் வயது நிர்ணயமாயிற்று. தானியப் பொரி வியாபாரி போட்ட நேர அட்டவணையை நம் விமர்சகர்கள் அழகியல் கொள்கையாக எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறார்கள்.

இனி கோட்டுக்கும் அளவுக்கும் வருகிறேன். வார்னர் ஸ்டூடியோவில் சக் ஜோன்ஸ் 1949லிருந்து எடுத்த ரோட் ரன்னர் படங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும், தெரியாதது போல் இருப்பவர்களுக்கும் தெரியும். கயோட்டி என்கிற பாலைவனத்து ஓநாய் ஒரு பறவையைத் துரத்துகிறது. பாறை விளிம்பைத் தாண்டி ஓடி அந்தரத்தில் நிற்கிறது. நிற்பது தெரியாதவரை நிற்கிறது. கீழே பார்த்ததும் விழுகிறது. மேலிருந்து நாம் பார்க்க, சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறைகிறது. ஒரு மௌனம். பிறகு பள்ளத்தாக்கின் அடியில் கொஞ்சம் புழுதி.

அந்த மௌனத்தின் நீளத்தை ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். விழுந்து மறைவதற்கு 18 ஃபிரேம். மறைந்ததற்கும் புழுதி எழுவதற்கும் நடுவில் 14 ஃபிரேம். 13 என்றால் சிரிப்பு வரவில்லை, 15 என்றாலும் வரவில்லை. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. 14 என்பது அரை வினாடிக்குச் சற்று மேல். ஒரு ஃபிரேம் கூடினால் குறைந்தால் செத்துப்போகிற ஒரு சிரிப்பை, இந்த மனிதர் காகிதத்தில் எண்ணி எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்.

புதுக்கவிதைக்கு யாப்பு வேண்டுமா வேண்டாமா என்று பல வருஷங்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர்கள் நாம். கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாக வைத்து எழுத்துக்கு மாத்திரை கண்ட இலக்கணம் நம்முடையது. அந்தப் பரம்பரையில் வந்தவர்களுக்கு இந்த 14 ஃபிரேம் ஏன் புல்லரிக்கவில்லை? வெண்பாவில் தளை தட்டினால் முகம் சுளிக்கத் தெரிந்த காதுக்கு, 15ஆவது ஃபிரேமில் தளை தட்டுவது புரியாமல் போகாது. புரிந்துகொள்ள நாம் இறங்கி வரத் தயாராக இல்லை, அவ்வளவே.

அந்த 14 ஃபிரேமில் திரையில் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒன்றும் இல்லை. ஓநாய் போய்விட்டது, புழுதி இன்னும் வரவில்லை, பள்ளத்தாக்கு மட்டும் இருக்கிறது. பார்க்கிறவன்தான் அந்த வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருக்கிறான். புரிந்துகொள்ள அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. காத்திருக்க மட்டும் வேண்டும். விழுவதைப் பற்றி உடம்புக்குத் தெரிந்தது போதும். நடை பழகிய குழந்தைக்கு விழுவது நேற்றைய அனுபவம், வயோதிகனுக்கு அது நாளைய பயம். நடுவயதுக்காரன்தான், தான் விழவே மாட்டோம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த அரை வினாடியில் அவனுக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. எல்லா வயதுக்கும் பொது என்று நான் சொல்வது இந்த இடத்தை. 'பெரியவர்களுக்குள் ஒளிந்திருக்கும் குழந்தை' என்று யாராவது உருகினால் அவர்களை நம்ப வேண்டாம். அப்படி ஒரு குழந்தை யாருக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. விழக்கூடிய ஒரு உடம்புதான் இருக்கிறது.

இதே ஜோன்ஸ் 1953இல் எடுத்த 'டக் அமக்' ஏழு நிமிஷப் படம். டாஃபி என்ற வாத்து, வாள்வீரன் வேஷத்தில் நுழைகிறது. பின்னணிச் சித்திரம் பாதியில் நின்றுபோகிறது. வாத்து முறையிடுகிறது. ஒரு தூரிகை வந்து பண்ணைவீட்டை வரைகிறது. வாத்து வேஷம் மாற்றி வந்தால் பனிப்பிரதேசம். அதற்கேற்ப மாறினால் வேறு ஏதோ. ஒரு ரப்பர் வந்து வாத்தையே அழித்துவிடுகிறது. குரலைப் பிடுங்குகிறார்கள். வேறு உடம்பு வரைந்து மாட்டுகிறார்கள். திரையின் கறுப்பு ஓரமே உருகி வாத்தின் தலைமேல் சரிகிறது. இதையெல்லாம் செய்வது யார் என்பது கடைசியில் தெரிகிறது. மேஜைக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்திருப்பது பக்ஸ் பன்னி என்ற முயல்.

இதை எழுதும்போதே சில நண்பர்களின் பேனா துடிப்பது எனக்குத் தெரிகிறது. பிராண்டெல்லோ! ஆசிரியனைத் தேடும் பாத்திரங்கள்! தயவுசெய்து வேண்டாம். பிராண்டெல்லோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இந்த வாத்துக்கு ஜாமீன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பிராண்டெல்லோவின் நாடகத்தைப் பார்ப்பவன் ஒரு கருத்தை அடைவதற்குக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். இந்த வாத்து அழிக்கப்படும்போது ஏழு வயதுப் பெண்ணுக்கு அடிவயிற்றில் ஏதோ செய்கிறது, அதே சமயம் சிரிப்பும் வருகிறது. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உடம்பு முழுக்கப் போன பிறகும் வாத்து பேசிக்கொண்டிருக்கிறது. இருப்பது என்றால் என்ன, அழிவது என்றால் என்ன என்று கேள்வி எழுப்புவதாகச் சொல்லிக்கொள்ளும் நம் கவிதைகளில் எத்தனை அந்த இடத்துக்கு அவ்வளவு சுருக்கமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன? கோடு தன்னைக் கோடு என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொண்டே நம்மை நம்பவும் வைக்கிறது. யதார்த்தவாதப் படத்தால் முடியாத காரியம் இது. அது தான் படம் என்பதை மறைத்தால்தான் பிழைக்கும்.

இது அமெரிக்கச் சிரிப்புப் படங்களுக்கு மட்டும் பொருந்துவது என்று ஒதுக்கவும் முடியாது. மாஸ்கோவில் யூரி நார்ஸ்டைன் 1975இல் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுத்தார், 'பனிமூட்டத்தில் முள்ளெலி'. ஒரு முள்ளெலி தன் சிநேகிதக் கரடியோடு உட்கார்ந்து நட்சத்திரங்களை எண்ணுவதற்காக, பழப்பாகு மூட்டையோடு கிளம்புகிறது. வழியில் பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்க்கிறது. குதிரை படுத்துத் தூங்கினால் பனியில் மூழ்கிவிடாதா என்று அதற்குச் சந்தேகம். அந்தப் பனிமூட்டத்தை நார்ஸ்டைன் செய்தது, சித்திரத்தின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் காமிராவை நோக்கித் தூக்கிக்கொண்டு வந்து. அந்தப் படத்தில் யாரும் யாருக்கும் ஒன்றும் போதிக்கவில்லை. 1979இல் வந்த அவருடைய 'கதைகளின் கதை'யில் தெருவிளக்கடியில் ஜோடிகள் நடனமாடுகிறார்கள். பாட்டு ஒரு கணம் தடுக்குகிறது, ஒரு ஆண் இல்லை. மறுபடி தடுக்குகிறது, இன்னொருவன் இல்லை. பெண்களின் கைகள் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. யுத்தம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே யுத்தம் வந்துவிட்டது. இங்கேயும் வேலை செய்வது ஒரு இடைவெளிதான். ஜோன்ஸ் சிரிக்க வைத்த அதே கருவியால் நார்ஸ்டைன் தொண்டையை அடைக்கிறார்.

ஜப்பானில் மியாஸாகியின் 'டொடோரோ' 1988இல் வந்தது, ஐஸாவோ தகாஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'யோடு ஒரே காட்சியில் ஜோடியாக. காட்டுப் பூதம் ஒன்றின் கதையும், யுத்தத்தில் பட்டினியால் சாகும் இரண்டு குழந்தைகளின் கதையும் அடுத்தடுத்து. இவற்றில் எது குழந்தைகளுக்கு, எது பெரியவர்களுக்கு என்று பிரித்துக் கொடுக்க அங்கே யாரும் வாசலில் நிற்கவில்லை. டொடோரோவில் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு காட்சி வருகிறது. தங்கை அக்காவின் முதுகில் தூங்கிவிடுகிறாள். பக்கத்தில் பூதம் வந்து நிற்கிறது. குடைமேல் சொட்டும் துளிகளின் சத்தம் அதற்குப் பிடித்துவிடுகிறது. நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. 2002இல் ரோஜர் ஈபர்ட் என்ற விமர்சகரிடம் பேசும்போது மியாஸாகி கைகளைத் தட்டிக் காட்டி, இரண்டு தட்டல்களுக்கு நடுவில் உள்ள வெளிக்குத் தங்கள் மொழியில் 'மா' என்று பெயர் என்றார். கலிஃபோர்னியாவில் ஃபிரேம் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்திருந்தது.

கார்ட்டூன் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அடார்னோவும் ஹார்க்ஹைமரும் 1940களில் எழுதியது அது. டொனால்ட் டக் திரையில் உதை வாங்குவது, பார்க்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் விழும் உதைகளை வாங்கிக்கொள்ளப் பழகுவதற்காகத்தான் என்பது அவர்கள் வாதம். இதற்கு முன்பே, 1931இலேயே, மிக்கி மௌஸைப் பற்றிக் குறிப்பு எழுதியவர் வால்டர் பெஞ்சமின். நவீன வாழ்க்கை ஜனங்களுக்குள் சேர்த்து வைக்கும் பைத்தியம் வெடித்து வெளியேறும் வாசலாக அந்தச் சிரிப்பை அவர் பார்த்தார். அடார்னோ கடிதத்தில் மறுத்தார். பெஞ்சமினின் பிரசித்தி பெற்ற கட்டுரையின் பிந்திய வடிவத்தில் மிக்கி மௌஸ் காணாமல் போயிற்று.

அடார்னோ உதையைப் பார்த்தார். உதைபட்ட உருவம் தட்டையாகி, சுருள் வில்லாகி, திரும்பவும் எழுந்து நடப்பதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கணக்கில் சேர்க்கவில்லை. ஐஸன்ஸ்டீன் அதைத்தான் பார்த்தார். 1930இல் டிஸ்னியின் ஸ்டூடியோவுக்கே போய் வந்தவர், 1940களில் தன் குறிப்புகளில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஒரே வடிவத்தில் நிலைத்து நிற்க மறுக்கும் குணம், எந்த உருவத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடிய உயிர்க்குழம்பின் குணம். மனிதனைக் கட்டமும் எண்ணுமாக நறுக்கி வைத்த சமூகத்தில் இந்தக் குணம் ஏன் கவர்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. 'போர்க்கப்பல் பொடெம்கின்' எடுத்தவருக்கு மிக்கி மௌஸைப் பற்றி யோசிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் நேரவில்லை. நம் மார்க்ஸிய நண்பர்கள் அடார்னோவைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் ஐஸன்ஸ்டீனை விட்டுவிட்டார்கள்.

அதற்காகக் கார்ட்டூனைக் கபடமற்ற வெள்ளைக் காகிதம் என்று நான் வாதாடப் போவதில்லை. கறுப்பின மனிதர்களைக் கேவலமாக வரைந்த காரணத்துக்காக வார்னரின் 11 படங்கள் 1968இல் விநியோகத்திலிருந்து நிறுத்தப்பட்டன. டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய படங்களில் முகம் காட்டாமல் வந்துபோகும் கறுப்பின வேலைக்காரியை எந்த விளக்கத்தாலும் காப்பாற்ற முடியாது. இளவரசிகளையும் மான்குட்டியையும் நமக்குத் தந்த டிஸ்னி ஸ்டூடியோ வாசலில் 1941இல் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து மறியலில் நின்றார்கள். ஆண்கள் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் செல்லுலாய்டில் நகலெடுத்து வர்ணம் தீட்டிய பெண்களின் பெயர்கள் பல பத்தாண்டுகள் திரையில் வரவில்லை. எல்லா வயதினருக்கும் சேர்கிற கலை என்பதாலேயே அது செய்யும் தீங்கும் எல்லா வயதினருக்கும் சேரும். இதைப் பேச வேண்டும். பேசுவதற்கு முதலில் அதைக் கலை என்று மதிக்க வேண்டும். பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியவனுக்கு அதைக் கண்டிக்கும் உரிமையும் கிடையாது.

இனி நம் சமாசாரம். இந்தியாவில் கார்ட்டூன் அரசாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகிற்று. 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். ராம் மோகன் போன்ற திறமைசாலிகள் அங்கிருந்து வந்தார்கள். பீம்சயின் கைவண்ணத்தில் 1974இல் வந்த 'ஏக் அநேக் அவுர் ஏக்தா'வைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கேட்டது கருத்து. ஒற்றுமை, குடும்பக் கட்டுப்பாடு, சிக்கனம். கோடு நகரலாம், ஒரு உபதேசத்தைச் சுமந்துகொண்டு நகர வேண்டும். அந்த மூட்டையைச் சுமந்தபடியே சிலர் நன்றாக நடந்தார்கள் என்பது அவர்கள் பெருமை, நம் பெருமை அல்ல.

தமிழில் குழந்தைகளுக்கு எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை இதே மூட்டைதான். கதையின் வாலில் நீதியை முடிந்து அனுப்பினால் எழுதியவருக்குத் திருப்தி. பெரியவர்களுக்கு எழுதும்போது அதே ஆள் நீதியை எடுத்துவிட்டு விரக்தியை முடிந்து அனுப்புகிறார். இரண்டிலும் வால்தான் முக்கியம். குழந்தை இலக்கியம் தனி, தீவிர இலக்கியம் தனி என்று நாம் போட்ட வேலியால் இரண்டு பக்கமும் நஷ்டம். அந்தப் பக்கம் போனவை பயிற்சியும் கூர்மையும் இல்லாத சரக்காயின. இந்தப் பக்கம் நின்றவை சிரிக்கத் தெரியாத முகங்களாயின. இந்த வேலி நம் பழைய சொத்தும் அல்ல. தென்கோடியில் தோல்பாவைக் கூத்து நடந்த இடங்களில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடித்துக்கொள்வார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆடும் அந்தத் தோல் துண்டுகளைப் பார்க்க, மண்ணில் பாய் விரித்துக் கிழவியும் பேத்தியும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். ராவணன் வதத்துக்குப் பாட்டி, அடிதடிக்குப் பேத்தி என்று பாவைக்காரன் பந்தி பிரித்ததில்லை. எப்போது அடி விழ வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு அவசரக் காரணமும் உண்டு. 2025 மார்ச்சில், யார் எந்தப் புகைப்படத்தைக் கொடுத்தாலும் மியாஸாகியின் ஸ்டூடியோவில் வரைந்தது போல மாற்றித் தரும் யந்திர வசதி வந்தது. சில நாட்களுக்கு உலகமே தன் கல்யாணப் படத்தையும் நாய்க்குட்டியையும் அப்படி மாற்றி மாற்றி மகிழ்ந்தது. நம் எழுத்தாளர்களும் தங்கள் முகத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், இந்த முறை பேரன்மேல் பழி போடாமல். அதே மியாஸாகிக்கு 2016இல் யந்திரம் அசைய வைத்த ஒரு உருவத்தைக் காட்டியபோது, அது உயிரையே அவமதிப்பதாகச் சொன்னவர் அவர். அதைத் தூக்கிப் பிடித்து யந்திரத்தைச் சபிப்பது சுலபம், எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தப் படங்களில் இருந்தது என்ன என்பதைப் பாருங்கள். உருண்டைக் கன்னம், பெரிய கண், இளம்பச்சை, மேகம். எல்லாம் இருக்கிறது, ஒன்றும் அசையவில்லை. குடைமேல் துளி விழுவதற்கு முன்னுள்ள காத்திருப்பு அதில் இல்லை. கார்ட்டூனின் கவர்ச்சி அதன் தோற்றத்தில் இருக்கிறது என்று நம்புகிறவன் இதோடு திருப்தியடைந்துவிடுவான். கருத்தில் இருக்கிறது என்று நம்புகிறவனும் திருப்தியடைவான், யந்திரத்திடம் கருத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அளவில் இருக்கிறது என்று தெரிந்தவன் மட்டும்தான் ஏதோ குறைகிறது என்று சொல்ல முடியும். யந்திரம் அசையவும் செய்யும், செய்யட்டும். அப்போதும் 13, 14, 15 என்று எண்ணிப் பார்த்து, எது சரி என்று சொல்ல ஒரு காது வேண்டியிருக்கும். அந்தக் காதை வளர்க்காமல், கௌரவத்தை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன் அந்த 1953ஆம் வருஷத்து ஏழு நிமிஷத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் பேரன் இல்லாத சமயமாகப் பார்த்து.